ஒறம்பரை

கேப் டவுனிலிருந்து வந்த பையர்
பதினெட்டாயிரம் பனியனை
சேடு சரியில்லையென்று தள்ளிவிட்டு
போகிற போக்கில் லேப் மேசைமேல்
ஒரு காகித உறை வைத்துப் போனார்.
சமாதானமாக இருக்கலாம்.
உள்ளே பதினோரு விதை,
அணில்வாலைக் கத்தரித்து ஒட்டியதுபோல்
பழுப்பு மயிர் போர்த்தியவை.
உறைமேல் பூவின் படம். புரோட்டியா.
நான் சாயக்காரி.
அந்த இளஞ்சிவப்புக்கு ரெசிபி
மூன்று நாள் யோசித்தும் வரவில்லை.

காடு எரிந்தால்தான் முளைக்குமாம்.
மங்கலத்து லைன்வீட்டு மொட்டைமாடியில்
காட்டுக்கு எங்கே போவேன்?
பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்து
வேப்பஞ்சருகும் காய்ந்த கொழுஞ்சியும் கொளுத்தி
புகை காட்டினேன்,
குளித்த குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுகிறாற்போல.
கீழ்வீட்டு திலேஷ்வர் பக்கெட்டோடு ஓடிவந்தான்.
கொடியில் அவன் யூனிபாரம்.
இரண்டு நாள் பிரிண்டிங் செக்ஷனே
அவனைப் பார்த்துத் தும்மியது.

பகல் வெயில், இரவு கடுங்குளிர்
இரண்டும் வேண்டுமாம்.
ஊரே ஸ்வெட்டர் தைக்கிறது,
ஒன்றைப் போட்டுக்கொள்ள
மார்கழியிலும் குளிர் போதாது.
ஷிப்ட் போட்டேன்:
ராத்திரி பிரிட்ஜில், தோசைமாவுக்குப் பக்கத்தில்.
காலை ஏழுக்கு மாடியில்.
பதினொன்றும் டபுள் ஷிப்ட் பார்த்தன
ஓவர்டைம் கேட்காமல்.

தண்ணீர்
ஆயிரத்து இருநூறு அடி போர்.
ஒரு சொட்டைத் தாளில் வைத்தேன்.
பிஎச் ஏழரை.
"ஏழரையா, ஆகாதே" என்றாள்
பக்கத்து மேசை சித்ரகலா.
எனக்குப் பரிகாரம் தெரியும்:
துணிக்கு விடும் அதே அசிட்டிக் அமிலம்,
குடத்துக்குச் சில சொட்டு.
சனி ஐந்தரைக்கு இறங்கினார்.

நாற்பத்து மூன்றாம் நாள்
மூன்று முளை.
மற்ற எட்டும் என்ன நினைத்தனவோ, வரவில்லை.
மூன்றில் ஒன்றைப் பூஞ்சை
கழுத்தைப் பிடித்துச் சாய்த்தது.

வீட்டுக்காரம்மா பாவாயம்மாள்
படியேறி வந்து குனிந்து பார்த்தார்.
"ஏனம்மிணி, சவலப் புள்ளையாட்ட இருக்குது.
என்னத்தப் போடற?"
"ஒண்ணும் போடக்கூடாதுங்.
வெறும் மணலும் தேங்கா நார்த்தூளும்.
எரு வெச்சா செத்துருமுங்."
அவர் என்னைப் பார்த்தார்,
வெயிலில் வந்த ஒறம்பரையை
மோர்கூடக் கொடுக்காமல் அனுப்பியவளைப்
பார்க்கிற பார்வை.

நான் நைட் ஷிப்ட் போன ஒரு வியாழன்.
பல்லடத்தில் அவர் தம்பிக்குக் கோழிப்பண்ணை.
ஒரு கைப்பிடி எரு, ஒரே கைப்பிடி,
ஒரு தொட்டிக்கு.
அடுத்ததற்குள் கீழே குக்கர் விசில் அடித்ததாம்.
அந்த விசிலுக்கு நான் பட்ட கடன்.

எட்டாம் நாள் இலைநுனி கருகியது.
பன்னிரண்டாம் நாள் குச்சி.
"பசிச்சாட்டருக்குதுன்னு நெனச்சேன் கண்ணு"
என்றார். அவர்தான் அழுதார்.
நான் தொட்டியைக் கவிழ்த்து
வேரைக் கழுவிப் பார்த்தேன்:
தலைமயிர் மாதிரி மெல்லிய வேர்,
கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டிருந்தது.
வேண்டாமென்று சொல்ல
அதற்குத் தெரியவில்லை.
எனக்கும் அந்த வீட்டில் தெரிந்ததில்லை,
மூன்றாவது இட்லி, நான்காவது இட்லி.

மிச்சம் ஒன்று.
சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் கூட.
பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று வந்து
கொடியில் துணியை முறுக்கிப் போடுகிறது,
பக்கெட்டை உருட்டுகிறது.
இது மட்டும் நிமிர்ந்து நிற்கிறது,
கடற்கரை மலையில் பிறந்த ஆத்தாக்காரி
காற்றைப் பற்றி ஏதோ சொல்லி அனுப்பியிருப்பாள்.
பூக்க இன்னும் நாலு வருஷம்.
அதற்குள் நிறம் ஒட்டாமல்
என்னையும் திருப்பிவிடலாம் கம்பெனி.

பாவாயம்மாள் தினமும் காலையில் வருகிறார்.
இரண்டு கையையும்
முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு
தொட்டிக்கு இரண்டடி தள்ளி நிற்கிறார்.
கிண்ணம் இல்லை, முந்தானையில் முடிச்சில்லை.
"இருக்குதுங்களா?" என்கிறேன் கீழிருந்து.

"இருக்குது கண்ணு.
நான் ஒண்ணும் குடுக்கல."